ஒட்டுத்தகட்டின் முதல் வரிசை

போயிங் 737 விமானத்தில் பயணியின் தலைக்கு மேலே இருக்கும் அலுமினியத் தகடு பல இடங்களில் வெறும் 0.9 மில்லிமீட்டர் தடிமன். உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூடுதல், வெளியே குறைவு. வேறுபாடு சுமார் 8 பிஎஸ்ஐ, அதாவது 55 கிலோபாஸ்கல். உடற்பகுதியின் அகலம் 3.76 மீட்டர், ஆரம் 1.88 மீட்டர். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால், தகட்டைச் சுற்றுவாட்டில் இழுக்கும் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) 115 மெகாபாஸ்கல் என்று வருகிறது. உள்ளே இருக்கும் வளையச் சட்டங்களும் பட்டைகளும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் நிஜத்தில் இதைவிடக் குறைவுதான். தகடு 2024-டி3 என்ற கலவை. அதை நிரந்தரமாக நீட்ட இதைப்போல இரண்டரை மடங்கு வேண்டும். ஒரே ஒரு முறை இழுத்து விட்டால் எதுவும் ஆகாது.

ஆனால் தகட்டில் ரிவெட் துளைகள் இருக்கின்றன. ரிவெட் என்பது தகடுகளைப் பிணைக்க அடிக்கும் உலோக ஆணி. வட்டத் துளையின் விளிம்பில் தகைவு ஏறத்தாழ மூன்று மடங்காகும். ஒவ்வொரு பறப்பிலும் உடற்பகுதி ஒருமுறை உப்பி ஒருமுறை தளர்கிறது. துளையின் விளிம்பும் கூடவே இழுபட்டுத் தளர்கிறது. அதனால்தான் உடற்பகுதியின் வயதைப் பறந்த மணிகளைவிடப் பறப்புகளின் எண்ணிக்கையால் கணக்கிடுகிறோம். பதினான்கு மணி நேரம் ஒரே மூச்சில் கடல் தாண்டும் விமானத்துக்கு அது ஒரு பறப்பு. தீவுக்குத் தீவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் விமானத்துக்கு அதே பதினான்கு மணியில் பத்தைத் தாண்டிவிடும்.

1954 ஜனவரியில் எல்பா தீவருகேயும் ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகேயும் இரண்டு காமெட் ஜெட் பயணி விமானங்கள் வானிலேயே சிதறிய பிறகு, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். நிஜப் பறப்பும் சோதனையும் சேர்த்து 3,057-ஆவது சுற்றில் உடற்பகுதி கிழிந்தது. இது எல்லோரும் சொல்லும் கதை என்பதால் இதோடு விடலாம். அதைவிட நுட்பமான கேள்வி ஒன்று இருக்கிறது: விரிசலைக் கண்டுபிடித்துப் பழுதுபார்த்த பிறகு அந்த இடத்தில் என்ன நடக்கிறது? பெரிய விபத்துகளில் சில, பழுதே பார்க்காத இடத்தில் நடக்கவில்லை. பழுதுபார்த்த இடத்தில்தான் நடந்தன.

சுமை எங்கே ஏறுகிறது

உடற்பகுதித் தகடுகள் நீளவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று சில அங்குலம் ஏறி நின்று, மூன்று வரிசை ரிவெட்டுகளால் பிணைக்கப்படுகின்றன. லாப் ஜாயின்ட் என்பது இதுதான். மூன்று வரிசையும் சுமையைச் சமமாகப் பங்கிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஓரத்து இரண்டு வரிசைகள் அதிகம் வாங்கும், நடு வரிசை குறைவாக வாங்கும். ஓர வரிசைத் துளையில் இரண்டு சுமைகள் ஒன்றுசேர்கின்றன: ரிவெட் வழியாக மறு தகட்டுக்குப் போகும் சுமை ஒன்று, இன்னும் கைமாறாமல் துளையைத் தாண்டிச் செல்லும் சுமை இன்னொன்று. இரு தகடுகளும் ஒரே தளத்தில் இல்லாததால் இழுக்கும்போது இணைப்பு லேசாக வளையவும் செய்யும். அந்த வளைவும் ஓர வரிசையில்தான் உச்சம்.

மேலிருந்து வரும் தகடு வெளிப்பக்கமும் கீழிருந்து வரும் தகடு உள்பக்கமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளித்தகட்டுக்கு மேல் வரிசை ஆபத்து. உள்தகட்டுக்குக் கீழ் வரிசை ஆபத்து. முன்னது ஏணியில் நின்று பார்த்தால் கண்ணில் படும். பின்னது வெளித்தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவது பெரும்பாலும் தானாகவே விளங்கும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹொனலுலு போன அலோஹா ஏர்லைன்ஸ் 243, 24,000 அடி உயரத்தில் கூரையில் சுமார் 18 அடி நீளத்தை இழந்தது. போயிங் 737-200. அதுவரை 35,496 மணி நேரம், 89,680 பறப்புகள். ஒரு பறப்புக்குச் சராசரி இருபத்துநான்கு நிமிடம்கூட இல்லை. முதலில் கட்டிய 291 போயிங் 737களில் லாப் ஜாயின்ட்டை எபாக்ஸிப் பசை தோய்ந்த மெல்லிய துணியால் ஒட்டினார்கள். சுமையை ஒட்டுதான் சுமக்க வேண்டும், ரிவெட் துணைக்கு. பசை சரியாகப் பிடிக்காத இடங்களில் ஈரம் புகுந்து அரித்தது, ஒட்டு விட்டது, முழுச் சுமையும் ரிவெட்டுக்கு வந்தது. 0.9 மில்லிமீட்டர் தகட்டில் ரிவெட் தலையைச் சமதளமாக உட்கார வைக்கச் சரிவாகக் குடைந்திருந்தார்கள். குடைவு தகட்டின் முழுத் தடிமனையும் தின்றுவிட்டதால் துளையின் அடி விளிம்பு கத்திமுனைபோலக் கூர்ந்து நின்றது. விரிசல் தொடங்க அதைவிட வசதியான இடம் கிடைக்காது. குடைவின் ஆழம் தகட்டுத் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதியின் பொருள் இங்கேதான் புரியும்.

அந்த விமானத்தில் கிழிசல் பரவாமல் தடுக்கப் பத்து அங்குலத்துக்கு ஒரு பட்டை இருந்தது. ஒரே ஒரு விரிசல் நீண்டு வந்திருந்தால் பட்டையில் முட்டித் திசை திரும்பி, ஒரு மடல்போலத் திறந்து, காற்றை வெளியேற்றிவிட்டு நின்றிருக்கும். ஆனால் எஸ்-10எல் என்ற இடத்தில் (பத்தாவது ஸ்ட்ரிங்கர், அதாவது தகட்டைத் தாங்கும் நீளவாட்டுச் சட்டம், இடப்பக்கம்) மேல் வரிசையில் அடுத்தடுத்த துளைகளில் சிறுசிறு விரிசல்கள் ஒரே சமயத்தில் வளர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் தனியாக அற்பம். ஒன்றோடொன்று இணைந்தபோது பட்டைகளால் நிறுத்த முடியவில்லை. பன்முனைச் சேதம் என்று இன்று தனி அத்தியாயமாகவே படிக்கப்படுவது இதுதான். ஏறும்போது கதவருகே ரிவெட் வரிசையில் ஒரு விரிசலைப் பார்த்ததாக ஒரு பயணி பின்னர் விசாரணையில் சொன்னார். யாரிடமும் அப்போது சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் நிலைக்கு அது வந்துவிட்டிருந்தது.

தேடுவது

சோதனையில் முதல் கருவி கண்ணும் டார்ச்சும்தான். வெளிச்சத்தைத் தகட்டின் மேல் சாய்வாக, கிட்டத்தட்ட தகட்டோடு ஒட்டினாற்போல அடிக்க வேண்டும். நேராக அடித்தால் பெயின்ட் பளபளப்பில் எதுவும் தெரியாது. ரிவெட் தலையிலிருந்து காற்றோட்டத் திசையில் கருப்பாக ஒரு கோடு இழுத்திருந்தால் அந்த ரிவெட் துளைக்குள் அசைகிறது. உராய்வில் வந்த அலுமினியப் பொடி அது. தலை சற்றே சாய்ந்திருப்பது, பெயின்ட் தலையைச் சுற்றி வட்டமாக வெடித்திருப்பது, லாப் ஓரத்தில் தகடு தலையணைபோல உப்பியிருப்பது (உள்ளே அரிப்பு இருந்தால் இப்படித்தான் உப்பும், அரிப்புத் தூள் உலோகத்தைவிட இடம் அதிகம் கேட்கும்) எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கழுவுவதற்கு முன் ஒருமுறை பார்ப்பது நல்லது. கழுவினால் சாட்சியும் போய்விடும்.

கண்ணுக்கு எட்டாததற்கு எடி கரண்ட். பள்ளிப் பாடத்தில் சுழல் மின்னோட்டம் என்று வந்ததே, அதேதான். சுருளில் மாறுமின்னோட்டம் ஓடும்போது கீழே உள்ள தகட்டில் வட்டவட்டமாக மின்னோட்டம் எழும். விரிசல் குறுக்கே வந்தால் வட்டம் சுற்றிப் போக வேண்டியிருக்கும், சுருளின் மின்தடுப்பு மாறும், திரையில் புள்ளி நகரும். எவ்வளவு ஆழம் பார்க்கும் என்பதை அதிர்வெண் தீர்மானிக்கிறது. 2024 கலவையில் 500 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் இயல்பு ஊடுருவல் 0.17 மில்லிமீட்டர், மேற்பரப்பு விரிசலுக்கு அருமை, அடித்தகட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 3.8 மில்லிமீட்டர் வரை போகும்; ஆனால் சின்ன விரிசல் தெரியாது, ரிவெட் உலோகம், தகட்டு ஓரம், பின்னால் இருக்கும் ஸ்ட்ரிங்கர் எல்லாம் சேர்ந்து குரல் கொடுக்கும். ஒளிந்திருக்கும் வரிசையைத் தேடுவதற்கு நாம் கொடுக்கும் விலை இது: ஆழம் வேண்டுமென்றால் நுட்பத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

உயர் அதிர்வெண் சோதனையில் முறை இப்படிப் போகும். அதே கலவையில், மின்பொறியால் வெட்டிய நுண்ணிய வெட்டு உள்ள மாதிரிக் கட்டையை எடுத்து, புரோபை, அதாவது சுருள் பொதிந்த சோதனைமுனையை, தகட்டிலிருந்து லேசாகத் தூக்கி இறக்கி, அந்தத் தூக்கல் அசைவு திரையில் கிடையாக ஓடும்படி கருவியின் கட்டக்கோணத்தை (ஃபேஸ்) திருப்ப வேண்டும். பிறகு வெட்டின் மேல் ஓட்டினால் புள்ளி செங்குத்தாக ஏற வேண்டும். எவ்வளவு ஏற வேண்டும் என்பது அந்த வேலைக்கான சோதனைக் கையேட்டில் இருக்கும். விமானத்தில் ரிவெட் தலையைச் சுற்றி வட்ட வார்ப்புருவைப் பொருத்தி, புரோப் அதன் விளிம்பை விட்டு நகராமல் ஒரு முழுச் சுற்று. விரிசல் என்றால் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் பெயின்ட் தடிமனோ, கை சாய்ந்ததோ, உலோகத்தின் கடத்துதிறன் மாறியதோ ஆகலாம். சந்தேகம் வந்தால் புரோபை அகற்றி, மாதிரிக் கட்டைக்குத் திரும்பி, மீண்டும் பார்க்க வேண்டும். ரிவெட்டைக் கழற்றிவிட்டால் துளைக்குள் சுழலும் புரோபை விட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

வண்ண ஊடுருவு திரவம் பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசல்களுக்கு, காந்தத் துகள் எஃகுப் பாகங்களுக்கு, அல்ட்ராசவுண்ட் தடித்த பாகங்களுக்கு. ஊடுருவு திரவம் போடுமுன் பரப்பை மணல்காகிதத்தால் தேய்ப்பவர்களைத்தான் புரிந்துகொள்ள முடிவதில்லை. தேய்த்த உலோகம் விரிசலின் வாயை மூடிவிடும், பிறகு திரவம் எங்கே நுழையும்?

சோதிப்பவருக்கு என்ஏஎஸ் 410 அல்லது இஎன் 4179 தரத்தில் சான்றும், பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா என்று ஆண்டுதோறும் கண் சோதனையும் வேண்டும். அவ்வளவு இருந்தும், இரவு மூன்று மணிக்குச் சாரத்தில் மல்லாந்து ஆயிரமாவது ரிவெட்டைப் பார்க்கும்போது திரையில் எழும் சின்னத் துடிப்பை மனம் சமாதானம் சொல்லித் தள்ளிவிடும். இதைப் பாதி ஒப்புக்கொண்டுதான் விதிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. 95 சதவீத நம்பகத்தோடு பத்தில் ஒன்பது முறை பிடிபடும் விரிசல் நீளம் எது என்று முதலில் அளக்கிறார்கள். அந்த நீளத்திலிருந்து ஆபத்தான நீளத்துக்கு வளர எத்தனை பறப்பு என்று கணக்கிட்டு, அதை இரண்டாலோ மூன்றாலோ வகுத்துச் சோதனை இடைவெளி வைக்கிறார்கள். ஒருமுறை தவறவிட்டாலும் மறுமுறை பிடிக்க வாய்ப்பிருக்க வேண்டும். உதாரணத்துக்கு 18,000 பறப்பு என்று வந்தால் இடைவெளி 9,000 அல்லது 6,000.

அந்த வளர்ச்சி ஒரே சீரானது இல்லை. விரிசல் முனையின் தீவிரம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். வளரும் வேகம் அந்தத் தீவிரத்தின் மும்மடி அளவுக்கு ஏறும். இரண்டையும் சேர்த்தால், நீளம் இரட்டித்ததும் வேகம் 2.8 மடங்காகும். வாழ்நாளின் பெரும்பகுதியில் எதுவும் தெரியாது. தெரியத் தொடங்கியதும் நேரம் வேகமாகக் கரையும்.

வெட்டி, மூடி, ரிவெட் அடித்து

அழுத்தம் தாங்கும் தகட்டில் விரிசல் உறுதியானால், "அடுத்த பெரிய செக்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. உற்பத்தியாளரின் கட்டமைப்புப் பழுதுபார்ப்புக் கையேட்டில், அதாவது எஸ்ஆர்எம்-இல், கீறலுக்கும் பள்ளத்துக்கும் அனுமதிக்கும் அளவு உண்டு. தோல் எனப்படும் அந்த அழுத்தம் தாங்கும் தகட்டின் விரிசலுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. விமானத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய்த்தான் பழுதுபார்க்க முடியும் என்றால், சிறப்பு அனுமதி பெற்று, பயணிகள் இல்லாமல், உள்ளழுத்தம் ஏற்றாமல், தாழப் பறந்து கொண்டுபோவார்கள். அதற்குமுன் விரிசலின் இரு முனையிலும் நிறுத்துத்துளை போடுவது வழக்கம்: எடி கரண்டால் முனையைக் கண்டுபிடித்து, கண்ணுக்குத் தெரியும் முனைக்குச் சற்று அப்பால் மையம் வைத்து, 1/4 அங்குலத் துளை. போட்ட பிறகு துளை விளிம்பை மறுபடி சோதிக்க வேண்டும். முனை துளைக்கு வெளியே தப்பிவிட்டிருந்தால் அந்தத் துளையால் ஒரு பயனும் இல்லை. எப்படி இருந்தாலும் நிறுத்துத்துளை தற்காலிகம்தான். (இறக்கையில் வெள்ளி நிற டேப் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்துப் பதறும் பதிவுகள் அடிக்கடி வருகின்றன. அது ஸ்பீட் டேப். பெயின்ட் உரிந்த இடத்தையும் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) ஓரத்தையும் காற்றிலிருந்து காக்கப் போடுவது. சுமை தாங்கும் எதையும் அதை வைத்து யாரும் பழுதுபார்ப்பதில்லை.)

நிரந்தரப் பழுதில் முதல் வேலை விமானத்தைத் தாங்குவது. தகட்டை வெட்டும் இடத்துக்கு இருபுறமும் ஜாக்கும் வடிவத்துக்கேற்ற தாங்கியும் கொடுத்து, அந்தப் பகுதியின் சுமையை இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் வெட்டியதும் உடற்பகுதி இம்மியளவு தளர்ந்து, அந்தத் தளர்ந்த வடிவத்திலேயே ரிவெட் அடிபட்டுவிடும். தகைவு நிரந்தரமாக உள்ளே பூட்டப்படும்.

பிறகு விரிசலைத் தாண்டி நல்ல உலோகம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். மூலைகள் கூர்மையாக இருக்கக்கூடாது. குறைந்தது அரை அங்குல ஆரம். வெட்டிய விளிம்பை அரம் போட்டு, நீளவாட்டில் மெருகேற்றி, உயர் அதிர்வெண் எடி கரண்டால் முழுச் சுற்றும் பார்த்து, விரிசல் மிச்சமில்லை என்று எழுதிய பிறகே அடுத்த படி. வெட்டிய பள்ளத்தில் தோலின் அதே தடிமனில் நிரப்புத்தகடு. அதற்கு மேல் டப்ளர் என்ற ஒட்டுத்தகடு: அதே 2024-டி3 கிளாட் (தூய அலுமினியப் படலம் போர்த்தியது), தோலைவிட ஒரு படி தடிமன். 0.036 அங்குலத் தோலுக்கு 0.040 அங்குலம். வெட்டின் ஒவ்வொரு பக்கமும் பொதுவாகக் குறைந்தது மூன்று வரிசை ரிவெட். ரிவெட்டுக்கு ரிவெட் இடைவெளி விட்டத்தைப்போல நான்கிலிருந்து ஆறு மடங்கு. தகட்டு ஓரத்துக்கு இரண்டு மடங்கு. நடைமுறையில் ஒரு மில்லிமீட்டர் கூட்டியே வரைவார்கள், ஏனெனில் துரப்பணம் வழுக்கினால் திரும்பிவர வழியில்லை. 5/32 ரிவெட்டுக்கு இரண்டு மடங்கு என்பது 8 மில்லிமீட்டர்தான்.

தலை வெளியே துருத்தும் ரிவெட்டா, சமதளத் தலையா? மெல்லிய தகட்டில் குடைவுக்கு இடமில்லை என்பதை மேலே பார்த்தோம். தோற்றத்துக்காகச் சமதளத் தலை கேட்பவர்களுக்கு இணங்கக்கூடாது. நிலையழுத்தத் துளைகளைச் சுற்றிய பகுதி மட்டும் விலக்கு. அங்கே பரப்பில் சிறு மேடு இருந்தாலும் உயரமானி பொய் சொல்லும். அங்கே டப்ளரின் தடிமனைக் கூட்டி அதில் குடைவு போடுவதா, டப்ளரை உள்பக்கம் வைப்பதா என்பதைப் பொறியாளர் முடிவுசெய்து எழுத்தில் தர வேண்டும்.

துளை போடுவதில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. தகடுகளைக் கிளிக்கோ என்ற தற்காலிகப் பிடியால் இறுக்கிப் பிடித்து, சிறிய துளை, அடுத்து பெரிய துளை, கடைசி அளவுக்குத் துளையைத் துல்லியமாக்கும் ரீமர். பிறகு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றாமல் அப்படியே ரிவெட் அடிப்பது நேரம் மிச்சப்படுத்தும், பிசிறும் உலோகச் சுருளும் இரு தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கழற்றி, இருபக்கமும் பிசிறு நீக்கி, துடைத்து, வெட்டிய இடமெல்லாம் அலோடைன் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் குரோமேட் பிரைமர். பொருந்தும் பரப்பு முழுதும் சீலன்ட். பி-2 என்று எழுதியிருந்தால் கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரம்தான் அது வேலைக்கு ஆகும். அறை சூடாக இருந்தால் அதுகூட இல்லை. அதற்குள் எல்லா ரிவெட்டும் ஈரத்தோடு உள்ளே போய்விட வேண்டும். 2117 கலவை ரிவெட்டை அப்படியே அடிக்கலாம். 2024 ரிவெட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் அடிக்க வேண்டும். மறந்து மேசையில் விட்டுவிட்டு பிறகு அடித்தால் கடினப்பட்ட தலை வெடிக்கும். அடித்த பின் உள்பக்கக் கொண்டை விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். உள்பக்கம் முட்டுக்கொடுக்கும் பக்கிங் பார் சாய்ந்தால் கொண்டை ஒரு பக்கம் ஒதுங்கும். அதைக் கழற்றும்போது துளை பெரிதாகும். பெரிய துளைக்குப் பெரிய ரிவெட், பெரிய ரிவெட்டுக்கு ஓர இடைவெளி போதாது. சின்னச் சறுக்கல் இப்படித்தான் முழு டப்ளரையும் கழற்ற வைக்கும்.

பழைய சீலன்ட்டைச் சுரண்ட உலோகக் கத்தியைத் தொடவே கூடாது. 737 விமானங்களில் பெயின்ட் மாற்றும்போது லாப் ஓரத்தைக் கூரிய கருவியால் சுரண்டியவர்கள் தோலில் மயிரிழைக் கோடுகளைக் கீறி வைத்தார்கள். அந்தக் கோடுகள் வழியே விரிசல் வளர்ந்தது. அதைத் தேடுவதற்கென்றே தனிச் சோதனை ஆணைகள் வந்தன. பிளாஸ்டிக் சுரண்டி மெதுவாகத்தான் வேலை செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டு கேட்கும் வாடகை

இப்போது டப்ளரை லாப் ஜாயின்ட் கண்ணோடு பாருங்கள். தோலில் வரும் சுமை டப்ளருக்கு ஏறும் முதல் இடம் டப்ளரின் வெளியோர ரிவெட் வரிசை. அங்கேதான் தோல் அதிகம் துன்பப்படும். அந்த வரிசையில் தோல் டப்ளருக்கு அடியில் இருக்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குப் பளபளக்கும் டப்ளர் மட்டுமே தெரியும். டப்ளர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு விறைப்பு. எவ்வளவு விறைப்போ அவ்வளவு சுமையை முதல் வரிசையிலேயே பிடுங்கும். "எதற்கும் கொஞ்சம் தடிமனாகவே போடுவோம்" என்ற நல்லெண்ணம் அந்த இடத்தின் ஆயுளைக் குறைக்கிறது. ஒரு படிக்கு மேல் ஏறாதே என்று எஸ்ஆர்எம் பிடிவாதம் பிடிப்பதும், பெரிய பழுதுகளில் டப்ளர் ஓரத்தைப் படிப்படியாக மெலிய வைப்பதும் இதற்காகத்தான்.

பழுதுகளை மூன்று வகையாகப் பிரிப்பதும் இங்கிருந்து வருகிறது. ஏ வகைக்கு வழக்கமான சோதனையே போதும். பி வகை நிரந்தரம், ஆனால் குறிப்பிட்ட பறப்புக்குப் பிறகு கூடுதல் சோதனை கட்டாயம். சி வகைக்குக் கெடு உண்டு, கெடுவுக்குள் கழற்றி வேறு போட வேண்டும். அலோஹாவுக்குப் பிறகு, பழைய ஒட்டுகளையெல்லாம் தேடிப்பிடித்து இப்படி வகைப்படுத்தும் பழுது மதிப்பீட்டுத் திட்டத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2000-இல் கட்டாயமாக்கியது.

இந்தக் கணக்கு பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு போயிங் 747கள் சாட்சி. இரண்டிலும் தொடக்கம் ஒன்றே: தரையிறங்கும்போது வால் ஓடுதளத்தில் உரசியது.

முதலாவது 1978 ஜூன் 2 அன்று ஒசாகாவில். பயணி அறையின் பின்முனையை மூடி உள்காற்றைத் தாங்கும் பின்புற அழுத்தத் தடுப்பின் கீழ்ப்பாதியைப் போயிங் குழு மாற்றியது. மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் ஓரிடத்தில் ஓர இடைவெளி போதவில்லை. அதற்கு ஒரே இணைப்புத்தகட்டை நடுவே செருகி இரண்டு வரிசை ரிவெட் சுமை தாங்கும்படி செய்யச் சொன்னது வரைபடம். செருகப்பட்டது இரண்டு துண்டாக. துண்டுகளுக்கு நடுவே சுமை கடக்கப் பாதை இல்லாததால், அந்த நீளத்தில் ஒரே வரிசை ரிவெட் முழுச் சுமையையும் சுமந்தது. ஓரங்கள் சீலன்ட்டால் மூடப்பட்ட பின் வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க வழியில்லை. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புகள் தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12 அன்று, ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 ஆகப் பறந்தபோது, தடுப்பு கிழிந்து உள்காற்று வாலுக்குள் பாய்ந்தது. செங்குத்து வால் உடைந்தது, நான்கு ஹைட்ராலிக் இணைப்புகளும் அறுந்தன. 520 பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிழைத்தார்கள்.

இரண்டாவது 1980 பிப்ரவரி 7 அன்று ஹாங்காங்கில். வால் அடித்தோலில் நீளநீளமான கீறல்கள். கீறல் பட்ட தோலை வெட்டி எடுத்துவிட்டு, சேதத்தைத் தாண்டி நன்றாக நீளும் டப்ளர் போட வேண்டும் என்றது எஸ்ஆர்எம். கீறலை விட்டுவிட்டு அதன் மேலேயே டப்ளர் போட்டார்கள். அது கீறல் முழுவதையும் பாதுகாப்பாக உள்ளடக்கவும் இல்லை. விளைவு: அதிகச் சுமை ஏறும் வெளியோர வரிசையும் கூரிய கீறலும் ஒரே இடத்தில் சந்தித்தன. டப்ளருக்கு அடியில் விரிசல் இருபத்திரண்டு ஆண்டு வளர்ந்தது. 2001 நவம்பரில் எடுத்த படங்களில் டப்ளர் ஓரத்தில் பழுப்புத் தடங்கள் தெரிந்தன. டப்ளருக்கு அடியில் ஏதோ வழி திறந்திருக்கிறது என்று சொல்லும் தடங்கள் அவை. பழுது மதிப்பீட்டுச் சோதனைக்கு நாள் குறித்திருந்தது. அந்த நாள் வருவதற்குள், 2002 மே 25 அன்று, சைனா ஏர்லைன்ஸ் 611 தைவான் நீரிணை மேல் சிதறியது. 225 பேர் இறந்தார்கள்.

எஸ்ஆர்எம் சொல்லும் படிகளில் "சேதத்தை நீக்கு" என்பது மட்டும் ஏன் எப்போதும் முதலில் வருகிறது என்று பயிற்சியாளர்கள் கேட்பதுண்டு. டப்ளரின் வலிமைக் கணக்கு முழுவதும், அடியில் இருக்கும் தோல் நல்ல தோல் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அனுமானம் பொய்த்தால் டப்ளர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: விரிசலை மறைப்பது.

சேதமே ஆகாத, தொழிற்சாலையிலிருந்து வந்த இணைப்பும் விலக்கு இல்லை. 2011 ஏப்ரல் 1 அன்று சவுத்வெஸ்ட் 812, 737-300, கூரையில் ஐந்து அடி நீளத்துக்குப் பிளந்து யூமாவில் இறங்கியது. 39,781 பறப்புகள்தான் ஆகியிருந்தன. அந்த மேம்படுத்திய இணைப்புக்கு 60,000 வரை சோதனையே தேவைப்படாது என்று கணித்திருந்தார்கள். கட்டும்போது கூரைத்தகட்டைப் பொருத்தியதில் மேல் தகட்டுத் துளையும் கீழ் தகட்டுத் துளையும் சரியாகப் பொருந்தவில்லை. துளைகள் நீள்வட்டமாகவும், ரிவெட் அவற்றை நிரப்பாமலும் இருந்தன. விரிசல் வந்தது உள்தகட்டின் கீழ் வரிசையில். வெளியே நின்று எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் தெரியாத அதே இடம்.

தடித்த பாகங்களில் கதை கொஞ்சம் மாறும். ஏ380 இறக்கையின் விலா எலும்புகளைத் தோலோடு இணைக்கும் சிறு எல் வடிவப் பிடிகளில் இருப்பதாக 2012-இல் வெளியே தெரியவந்த விரிசல்களுக்குப் பறப்பு எண்ணிக்கையைவிடக் கலவைத் தேர்வும், பொருத்தும்போதே உள்ளே பூட்டிய தகைவும்தான் காரணம். விமானங்கள் அப்போது இளமையானவை. 2019-இல் சரக்கு விமானமாக மாற்றுவதற்காக 737 நெக்ஸ்ட் ஜெனரேஷன் விமானங்களைப் பிரித்தபோது, இறக்கையையும் உடற்பகுதியையும் பிணைக்கும் பிக்கிள் ஃபோர்க் என்ற பாகத்தில் விரிசல் தெரிந்தது. 30,000 பறப்பு தாண்டியவற்றை ஏழு நாளுக்குள் பார்க்கச் சொன்னார்கள். முதல் சுற்றில் பார்த்த 810 விமானங்களில் 38-இல் இருந்தது. அங்கே டப்ளர் வேலைக்காகாது. பாகத்தையே மாற்ற வேண்டும். துளையில் மட்டும் சிறு விரிசல் என்றால், பொதுவாகத் தடித்த பாகங்களில் 1/64 அங்குலம் ரீம் செய்து சோதித்து, தெளிவானதும் இன்னும் ஒரு படி கூடுதலாக ரீம் செய்து, பிளவு உறையும் ஊசியும் கொண்டு துளையை மூன்று நான்கு சதவீதம் விரிப்பார்கள். விரிந்த உலோகம் திரும்பிச் சுருங்க முயலும்போது துளையைச் சுற்றி அமுக்கத் தகைவு நிற்கும். விரிசல் தொடங்க அதை முதலில் வெல்ல வேண்டும்.

திரும்ப டப்ளருக்கு வருவோம், ஏனெனில் வேலை ரிவெட்டோடு முடிவதில்லை. சீலன்ட் பூசி மூடுவதற்கு முன்னால், அளவுகோல் வைத்து வெட்டின் படமும் நிரப்புத்தகட்டின் படமும் எடுக்க வேண்டும். மூடிய பின் யாராலும் பார்க்க முடியாதவை அவை. ஸ்டேஷன் எண் (விமானத்தின் நீளவாட்டில் இடம்), ஸ்ட்ரிங்கர் எண், டப்ளரின் அளவும் தடிமனும் வெப்பப் பதமும், ரிவெட்டின் பாக எண்ணும் வரிசைகளும், அளவு கூட்டிய துளைகள் எவை என்பதும், எந்த எஸ்ஆர்எம் படம் அல்லது எந்த ஒப்புதல் கடிதம் என்பதும், அன்றைய மொத்தப் பறப்பு எண்ணிக்கையும் பதிவாக வேண்டும். பி வகை என்றால் முதல் சோதனை எத்தனையாவது பறப்பில், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த அதிர்வெண்ணில் என்பதும் கூட. உள்ளிருந்து பார்ப்பதானால் காப்புப் போர்வையையும் அரிப்புத் தடுப்பு மெழுகையும் நீக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று தனி வரியாக எழுதுவது நல்லது. எழுதாவிட்டால் யாரும் நீக்கமாட்டார்கள். விமானம் கை மாறி, நாடு மாறி, பதினைந்து ஆண்டு கழித்து அந்த ஒட்டைப் பிரிக்கப் போகிறவருக்கு இந்தத் தாள் மட்டும்தான் கிடைக்கும்.